சட்ட வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஆட்டிசம், ஏடிஎச்டி பற்றி எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது?

சிங்கப்பூரில் சட்டம் படிக்கும் மாணவர் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே நிறுவனங்களின் கதவைத் தட்டத் தொடங்கிவிடுகிறார். விடுமுறைக்காலப் பயிற்சி நன்றாக அமைந்தால் பயிற்சி ஒப்பந்தம் கிடைக்கும்; ஒப்பந்தக் காலம் நன்றாக அமைந்தால் அதே இடத்தில் வேலையும் கிடைக்கும். ஆறு மாதமாக இருந்த பயிற்சிக் காலம் 2024 வழக்கறிஞர் தகுதித் தேர்வுத் தொகுதியிலிருந்து ஓராண்டாகிவிட்டது. ஆகவே இருபதுகளின் தொடக்கத்தில் அனுப்பும் ஒரு விண்ணப்பம், பின்னால் வரும் மூன்று நான்கு ஆண்டுகளை நிர்ணயித்துவிடுகிறது. ஆட்டிசம், ஏடிஎச்டி எனும் கவனச்சிதறல் நிலை, டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமம் போன்ற நரம்பியல் வேறுபாடு உள்ள ஒருவர் அதை வெளியே சொல்வதா வேண்டாமா என்ற முடிவையும் அந்த வயதிலேயே எடுத்தாக வேண்டியிருக்கிறது.

சொல்லாமலே இருந்துவிடலாம், விண்ணப்பத்திலேயே எழுதலாம், நேர்காணலில் சொல்லலாம், வேலை எழுத்தில் உறுதியான பிறகு சொல்லலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையின் இருபுறமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்கு நான்காவது வழிதான் சரி. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

சொல்லாமல் இருப்பதில் தவறொன்றும் இல்லை. இதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மறைப்பது நேர்மையற்றது என்ற எண்ணம் சட்ட மாணவர்களிடம் சற்று அதிகம். விண்ணப்பதாரர் தம் மருத்துவ வரலாற்றைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டிய கடமை எதுவும் கிடையாது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து வகுத்த நியாயமான வேலை நியமன வழிகாட்டுதல்கள் 2020-ல் திருத்தப்பட்டபோது, வேலைக்குத் தொடர்பில்லாமல் மனநல நிலையை விண்ணப்பப் படிவத்தில் கேட்பது பாகுபாடு என்றே ஆகிவிட்டது. பொதுச் சேவையும் தன் படிவத்திலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்டது.

ஆனால் கேட்டால் என்ன செய்வது? பழைய படிவத்தை மாற்றாமல் வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. அங்கே கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது சொல்ல விரும்பவில்லை என்று எழுதுங்கள். 'இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். வேறு துறையில் இது சில்லறை விஷயமாகப் போய்விடலாம். சட்டத்துறையில் வழக்கறிஞராகச் சேர்க்கப்படுவதற்கே நற்குணச் சான்று வேண்டும். வழக்கறிஞராவதற்கான 2020 பார்ட் பி தேர்வில் முறைகேடு செய்த சிலருடைய சேர்க்கை 2022-ல் மாதக்கணக்கில் தள்ளிவைக்கப்பட்டது நாடறிந்த செய்தி. தேர்வு முறைகேடும் படிவத்தில் ஒரு கட்டமும் ஒரே எடையுள்ளவை என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தில் கிடக்கும் ஒரு பொய்யைப் பிற்பாடு யாரோ எடுத்துக் காட்டும்போது, பேச்சு உங்கள் ஏடிஎச்டியை விட்டுவிட்டு உங்கள் நேர்மைக்குத் தாவிவிடும். அங்கே தற்காப்புக்கு இடமே இருக்காது.

மௌனத்தின் உண்மையான விலை விண்ணப்பத்தின்போது தெரிவதில்லை. வேலையில் சேர்ந்து இரண்டாம், மூன்றாம் மாதத்தில் தெரியும். கட்டணம் மணிக்கணக்கில் வாங்கும் நிறுவனங்களில் நேரப் பதிவு ஆறு நிமிடக் கூறுகளாகப் போகும். ஒரு மணி நேரத்தில் பத்துக் கூறு. காலையில் ஒரு குத்தகை ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி வரும், அதை முடித்துவிட்டு மூத்தவர் கேட்ட தீர்ப்பைத் தேடுவீர்கள், தேடும் வழியில் வேறு மூன்று தீர்ப்புகளுக்குள் போய்விடுவீர்கள், நடுவில் மின்னஞ்சல். மாலை ஏழு மணிக்கு இதையெல்லாம் எந்தக் கோப்புக்கு எத்தனை கூறு என்று பிரித்து எழுத வேண்டும். ஏடிஎச்டி உள்ளவருக்கு நாள் முழுக்கச் செய்த சட்ட வேலையைவிட இந்த அரை மணி நேரம் கடினம். அன்றைக்கு எழுதாமல் விட்டால் வெள்ளிக்கிழமை ஐந்து நாள் பாக்கி நிற்கும். மேலிருப்பவர் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமாகவோ, அதைவிட மோசமாக, இட்டுக்கட்டிய கணக்காகவோ தெரியும்.

டிஸ்லெக்சியா உள்ளவருக்கு ஆவணத் தொகுப்பின் பக்க எண்கள்; 212-ஐ 221 என்று எழுதிவிட்டால் நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் எல்லோர் முன்னிலையிலும் தடுமாறுவார். ஆட்டிசம் உள்ளவருக்கு 'இதைக் கொஞ்சம் பார்த்துவிடு' என்பது போன்ற கட்டளை. எவ்வளவு பார்ப்பது, எப்போதைக்குள், பார்த்த பிறகு என்ன செய்வது? கேட்டால் தொந்தரவு செய்கிறார் என்பார்கள். கேட்காவிட்டால் தேவைக்கு மேல் பத்து மடங்கு செய்து கொடுத்துவிடுவார்.

இப்படி முதல் மதிப்பீட்டு அறிக்கையில் 'கவனக்குறைவு', 'அணுகுமுறை சரியில்லை' என்று ஏறிவிட்ட பிறகு எனக்கு ஏடிஎச்டி என்று சொன்னால் அது சாக்குப்போக்காகவே கேட்கும். மௌனத்தைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் கடைசியில் சொல்லித்தான் விடுகிறார்கள். எல்லாவற்றிலும் மோசமான நேரத்தில் சொல்கிறார்கள். எந்த ஏற்பாடும் இல்லாமல் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர், நான்கு ஆண்டுப் படிப்பிலும் அப்படித்தான் சமாளித்தேன் என்று நம்பகமாகச் சொல்லக்கூடியவர், சொல்லாமலே போகலாம். நினைவூட்டும் செயலியும் காதடைப்பானும் வைத்துக்கொள்ள யார் அனுமதியும் வேண்டியதில்லை.

இனி இதற்கு நேர் எதிரான வழி: விண்ணப்பக் கடிதத்திலேயே எழுதுவது. இதற்கு இப்போது ஒரு கவர்ச்சி வந்திருக்கிறது. ஆட்டிசம் எனது அசாதாரண ஆற்றல், மற்றவர் காணாத நுணுக்கங்களை நான் காண்பேன் என்று தொடங்கும் கடிதங்களைப் பார்க்கிறேன். எனக்கு இந்தப் பாணி பிடிக்கவில்லை. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் நுணுக்கப் பார்வை இருப்பதில்லை. இருப்பவர்களுக்கும் அது தனிமனிதத் திறமை. அந்தத் திறமைக்குச் சான்றாக ஒரு மாதிரி நீதிமன்றப் போட்டியையோ, ஆய்விதழில் வந்த கட்டுரையையோ காட்டினால் போதும். நோயறிதல் அறிக்கையைத் தகுதிச் சான்றிதழாகக் காட்டினால், அடுத்த முறை நீங்கள் ஒரு நுணுக்கத்தைத் தவறவிடும்போது மற்றவரைவிட இரண்டு மடங்கு உதை உங்களுக்கு விழும்.

இருந்தாலும் விண்ணப்பத்தில் சொல்வது சரியாக இருக்கும் இரண்டு நிலைமைகள் உண்டு. மதிப்பெண் பட்டியலில் பள்ளம் இருந்தால் முதலாவது. இரண்டாம் ஆண்டில் சரிந்து, நோயறிதலும் சிகிச்சையும் கிடைத்த பிறகு மூன்றாம் ஆண்டில் ஏறியிருக்கும் பட்டியல் தானாகவே கேள்வி எழுப்பும். விளக்காமல் விட்டால் படிப்பவர் தமக்குத் தோன்றிய விளக்கத்தைப் போட்டுக்கொள்வார், அது நமக்குச் சாதகமாக இருக்காது. இரண்டு வரி போதும். 'அந்த ஆண்டு எனக்கு ஏடிஎச்டி இருப்பது கண்டறியப்பட்டது; அதன் பிறகான மதிப்பெண்களே என் இப்போதைய நிலையைக் காட்டுகின்றன.' இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

அனைத்துலக நிறுவனங்களின் சிங்கப்பூர்க் கிளைகள் இரண்டாவது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி ஊனமுள்ள விண்ணப்பதாரருக்கு நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது முதலாளியின் கடமை. லண்டனில் தலைமையகம் உள்ள நிறுவனம் தன் இணையப் படிவத்திலேயே தேர்வு முறைக்கு ஏதேனும் ஏற்பாடு வேண்டுமா என்று கேட்பது இந்தப் பழக்கத்தால்தான். அந்தக் கேள்விக்கான பதில் பொதுவாக மனிதவளப் பிரிவுக்குப் போகிறது. உங்களை நேர்காணும் பங்குதாரரின் கைக்குப் போவதில்லை. கட்டம் இருந்தால் பயன்படுத்துங்கள்.

அந்தக் கடமை இங்கே சட்டமாக இல்லை என்பதை இந்த இடத்தில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், ஊனத்தையும் மனநல நிலையையும் காரணமாக வைத்து வேலை மறுப்பதைத் தடுக்கிறது. ஊனம் என்பதில் ஆட்டிசம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஏடிஎச்டியும் டிஸ்லெக்சியாவும் அந்த வரையறையில் பெயரால் இடம்பெறவில்லை. வேலைக்கு உண்மையிலேயே தேவையான தகுதி என்று காட்ட முடிந்தால் முதலாளிக்கு விலக்கு உண்டு. ஏற்பாடு செய்து கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதை முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பின் வழியாக ஊக்குவிப்பதுதான் அரசாங்கத்தின் அணுகுமுறை. 2027 இறுதிக்குள் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டிருக்கும் இந்தச் சட்டம், 25 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளை முதல் ஐந்தாண்டுக்குத் தொடாது.

அந்த 25 என்ற எண் நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானது. ஹை ஸ்திரீட் சென்டரிலும் பீப்பிள்ஸ் பார்க் சென்டரிலும் மாடிக்கு மாடி இருக்கும் சட்ட அலுவலகங்களில் பெரும்பாலானவை நான்கைந்து பேர் வேலை செய்யும் இடங்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு முதல் வாய்ப்பு பல நேரம் அப்படிப்பட்ட ஓரிடத்தில்தான், அதுவும் தெரிந்தவர் மூலமாகத்தான் கிடைக்கிறது. அப்பாவோடு கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் வழக்கறிஞர், அம்மாவின் பள்ளித் தோழியின் கணவர். இங்கே மனிதவளப் பிரிவும் இல்லை, படிவமும் இல்லை, இப்போதைக்குச் சட்டத்தின் நிழலும் இல்லை. சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது, 'பையன் கெட்டிக்காரன்தான், கொஞ்சம் கவனம்தான் சிதறும், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று அம்மா ஏற்கெனவே சொல்லி முடித்திருப்பார். வெளியே மூச்சுவிடக் கூடாது, நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது வில்லங்கமாகிவிடும் என்று பிள்ளையை அடக்குபவரும் அதே அம்மாதான்.

சிறிய அலுவலகத்தில் எல்லாம் ஒரே ஒருவரின் குணத்தைப் பொறுத்தது. நல்லவராக அமைந்துவிட்டால் எந்தப் பெரிய நிறுவனத்தின் கொள்கை அறிக்கையும் தராத சுதந்திரம் கிடைக்கும். நாளை முதல் காலை பத்து மணிக்கு வா, மாலையில் தாமதித்துப் போ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். குழு கூடாது, கோப்பு நகராது. குணம் கெட்டவராக இருந்தால் முறையிட ஆளில்லை. ஆகவே இங்கே நான் சொல்லும் வழி வேறு. முதலில் இரண்டு மூன்று வாரம் விடுமுறைக்காலப் பயிற்சியாகப் போய்ப் பாருங்கள். தவறு செய்த குமாஸ்தாவிடம் அவர் எப்படிப் பேசுகிறார், வேலையை எழுதிக் கொடுக்கிறாரா அல்லது நடந்துகொண்டே உத்தரவு போடுகிறாரா என்று கவனியுங்கள். அவரிடம் சொல்லலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அம்மா முந்திக்கொள்வதற்கு முன்னால் அவரிடம் நீங்களே உட்கார்ந்து பேசிவிடுவது உத்தமம்.

நேர்காணலில் சொல்வதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நான்கு வழிகளிலும் இதுதான் பலவீனமானது. நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம் ஆட்டிசம் என்றால் என்ன என்ற பாடமாகப் போய்விடும். உங்கள் சட்ட அறிவைக் காட்ட மிச்சம் முப்பது நிமிடம்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கெட்ட எண்ணம் இல்லாமலே தடுமாறுவார்கள், தடுமாறிய நேர்காணலுக்கு நல்ல மதிப்பெண் வராது. கண்ணைப் பார்த்துப் பேசுவது உங்களுக்குச் சிரமம் என்றால் அதை மட்டும் தொடக்கத்தில் சொல்லலாம்: 'யோசிக்கும்போது நான் மேசையைப் பார்ப்பேன், தவறாக நினைக்காதீர்கள்.' சிரித்துத் தலையசைத்துவிட்டு அவர்கள் கேள்விக்குப் போய்விடுவார்கள்.

தேர்வு முறையிலேயே நேரம் வைத்து எழுதும் பகுதி இருந்தால் கதை வேறு. வரைவுத் தேர்வுக்குக் கூடுதல் நேரமோ, தனியறையோ, கேள்வியை வாய்மொழியோடு எழுத்திலும் தருவதோ தேவை என்றால், அழைப்பு வந்த அன்றே மனிதவளப் பிரிவுக்கு எழுதிவிட வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுகளில் ஏற்கெனவே அந்த ஏற்பாட்டைப் பெற்றிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். புதிதாக நிரூபிக்க வேண்டிய பாரம் பாதியாகக் குறைந்துவிடும். மருத்துவர் அறிக்கை கையில் இல்லாதவர்கள் படிக்கும்போதே, பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. தனியாரிடம் போனால் செலவு கையைக் கடிக்கும்.

இப்போது நான் சாயும் வழி. வேலை எழுத்தில் உறுதியாகி, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. சேர இன்னும் சில வாரம் இருக்கிறது. இந்த இடைவெளியில் சொல்வதில் என்ன லாபம்? உங்களைத் தேர்ந்தெடுத்தது உங்கள் வேலைத்திறன்தான் என்பதை அவர்களால் இனி மறுக்க முடியாது. சொன்ன பிறகு வாய்ப்பைத் திரும்பப் பெற்றால் காரணம் வெட்டவெளிச்சமாகிவிடும். மேலும் எந்த மதிப்பீட்டு அறிக்கையும் இன்னும் எழுதப்படவில்லை, ஆகவே சாக்குப்போக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

என்ன எழுதுவது? பெயரைவிடத் தேவையை முன்னால் வையுங்கள். 'எனக்கு ஏடிஎச்டி இருக்கிறது. மூன்று ஏற்பாடுகள் இருந்தால் என் வேலை நன்றாக அமையும்: வேலையைத் தரும்போது கெடுவையும் எதிர்பார்ப்பையும் ஒரு வரி மின்னஞ்சலில் குறிப்பிடுவது, நேரப் பதிவை அன்றாடம் மதியமும் மாலையுமாக இரு முறை எழுதப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது, முதல் மூன்று மாதம் மேற்பார்வையாளருடன் வாரம் ஒரு முறை பேசுவது. இந்தத் தகவலை இந்த ஏற்பாடுகளுக்காக மட்டும் பயன்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எந்த நோக்கத்துக்காகத் தந்தீர்களோ அதற்குத்தான் தகவலைப் பயன்படுத்தலாம் என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சிங்கப்பூரில் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் 6,000-க்குச் சற்று மேல்தான். ஒரு நிறுவனத்தில் சொன்னது இன்னொரு நிறுவனத்தின் மதிய உணவு மேசைக்குப் போக அதிக நாள் ஆகாது. நோக்கத்தை எழுத்தில் வரையறுத்து வைப்பது வம்பை முழுதாக நிறுத்தாது, ஓரளவு அடக்கும்.

கடிதம் மனிதவளப் பிரிவுக்கு, பேச்சு மேற்பார்வை வழக்கறிஞருடன். இரண்டும் வேண்டும். பெரிய நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு நட்பாகப் பதில் எழுதும், ஆனால் உங்கள் நாளை நடத்துவது அந்தப் பிரிவு இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வேலையைக் கொடுப்பவர் விஷயத்தை அறியாமல் இருந்தால் கடிதம் கோப்பில் தூங்கும். அரசாங்கத்தின் சட்டச் சேவையில் சேருபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: அங்கே துறைக்குத் துறை மாற்றம் உண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய மேலதிகாரி, புதிய பேச்சு.

உரிமத்துக்கே ஆபத்து வருமா என்று சிலர் பயப்படுகிறார்கள். சட்டத்தொழில் சட்டத்தின் 25சி பிரிவு, உடல் அல்லது மன நிலையால் ஒரு வழக்கறிஞரின் தொழில் தகுதி பாதிக்கப்பட்டதாகத் தோன்றினால், அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தும் ஆணை கேட்டு நீதிபதியிடம் விண்ணப்பிக்க வழிசெய்கிறது. அந்தப் பிரிவு பேசுவது பாதிக்கப்பட்ட தகுதியைப் பற்றி. மருந்து எடுத்துக்கொண்டு கெடு தவறாமல் வேலை செய்யும் ஏடிஎச்டிக்காரர் அந்த வாசலுக்கு அருகில்கூட இல்லை. சொல்லாமல், சிகிச்சையும் இல்லாமல், கட்சிக்காரரின் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடுபவர்தான் ஆபத்தில் இருக்கிறார்.

ஊனமுற்றோரை வேலைக்கு வைப்பவருக்கு அரசாங்கம் பணம் தருகிறதே, அதைச் சொல்லி வேலை கேட்கலாமா என்று ஒரு தகப்பனார் கேட்டார். 2021-ல் தொடங்கிய அந்த ஊதிய உதவித் திட்டம் மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிப்போரை மனத்தில் வைத்து வந்தது. பெரிய நிறுவனத்தின் இளம் வழக்கறிஞர் சம்பளம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஊனமுற்றோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபிளிடம் கேட்பதென்றால் வேலையிட மாற்றங்களுக்கான ஆலோசனையைக் கேளுங்கள்.

வாய்ப்பு எழுத்தில் வந்த பிறகு நீங்கள் சொல்லி, அதன் பின் திடீரென்று 'நிறுவனத்தின் தேவை மாறிவிட்டது' என்று பதில் வந்தால் என்ன செய்வது? தொலைபேசியில் வாதாடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேலை உறுதிக் கடிதம், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், அவர்கள் பதில் மூன்றையும் தேதி வாரியாக உங்கள் சொந்தக் கணக்கில் சேமித்துவிட்டு டாஃபெப் எனப்படும், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் போங்கள். வழிகாட்டுதல்கள் இப்போதே எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும். மீறும் நிறுவனத்துக்கு, வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதிச் சலுகைகளை மனிதவள அமைச்சு நிறுத்திவைக்கவும் முடியும். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் வேலைவாய்ப்புக் கோரிக்கைகள் நடுவர் மன்றம். அந்த மன்றத்தில் வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதி இல்லை, உங்களுக்கும் இல்லை, எதிரில் நிற்கும் சட்ட நிறுவனத்துக்கும் இல்லை.